கடன் அறிக்கையைக் கேட்டுப் பெறுவோம்

கோத்தா திங்கி மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களும் பெல்டா குடியேற்றப் பகுதிகளும் பரந்து கிடக்கின்றன. கோத்தா திங்கி நகரிலிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தோட்டத்திலிருந்து நகரத்திற்கும், வீட்டிலிருந்து வேலையிடத்திற்கும் சென்று வர மோட்டார் சைக்கிள் பலருக்கு இன்றியமையாதது. பள்ளிப் படிப்பை முடித்து வேலைக்குச் சேரும் இளைஞர் ஒருவர் வாங்கும் முதல் கடன், பல வேளைகளில் மோட்டார் சைக்கிளுக்கான கடனாகவே அமைகிறது.

விற்பனைக் கடையில் அவர் விண்ணப்பப் பாரத்தை நிரப்புகிறார். சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையின் நகலையும் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். சில நாள்களில் கடன் கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ பதில் வருகிறது. இடைப்பட்ட நாள்களில் நடந்தது என்ன? அவரை ஒரு முறைகூட நேரில் பார்த்திராத அதிகாரி ஒருவர், அவருடைய வருமானத்தோடு அவரைப் பற்றிய ஓர் அறிக்கையையும் படித்திருப்பார். அதுவே கடன் அறிக்கை. ஒருவர் எங்கெங்கே கடன் வாங்கியுள்ளார், இன்னும் எவ்வளவு கட்ட வேண்டியுள்ளது, மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பனவற்றை அது காட்டும்.

இது முற்றிலும் புதிய வழக்கமன்று. அக்காலத்தில் தோட்டத்து மளிகைக் கடைக்காரர், அட்டையில் ‘555’ என்று அச்சிடப்பட்ட சிறிய குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் கடனையும் எழுதி வைப்பார். சம்பள நாளன்று கணக்குத் தீர்க்கப்படும். யார் சொன்ன நாளில் கொடுப்பவர், யார் இழுத்தடிப்பவர் என்பது அப்புத்தகத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். கணக்கில் ஐயம் எழுந்தால், வாடிக்கையாளர் கடை மேசைமுன் நின்று புத்தகத்தை வாங்கிப் பார்ப்பார். வாங்காத பொருள் எழுதப்பட்டிருந்தால் அங்கேயே கேட்டுத் திருத்தச் செய்வார். இன்று அந்தப் புத்தகம் நாடு முழுமைக்குமான கணினித் தரவாக மாறியுள்ளது. அதைப் பார்க்கும் உரிமை இன்றும் கடன் வாங்கியவருக்கு உண்டு. ஆனால், கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் குறைந்துவிட்டது.

அறிக்கையைத் தொகுப்பவர் யார்?

மலேசியாவில் கடன் தகவல்களைத் திரட்டும் பொறுப்பை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா ஏற்றுள்ளது. அதன் கீழ் இயங்கும் கடன் தகவல் பிரிவு 1982-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. அப்பிரிவின் கணினி அமைப்பு 2001-ஆம் ஆண்டு முதல் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் பெயரில் செயல்பட்டு வருகிறது. வங்கிகளும் இவ்வமைப்பில் பங்குபெறும் பிற நிதி நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விவரங்களை மாதந்தோறும் இதற்கு அனுப்புகின்றன. வீட்டுக் கடன், வாகனக் கடன், தனிநபர் கடன், கடன்பற்று அட்டை ஆகியவை இதில் அடங்கும். உயர்கல்விக்காகப் பி.டி.பி.டி.என். கழகத்திடம் பெறும் கடனும் இதில் பதிவாகும். ஒருவர் தனியாக வாங்கிய கடனோடு, மற்றவருடன் சேர்ந்து கூட்டாக வாங்கிய கடனும் இடம்பெறும்.

இதைத் தவிர, தனியார் கடன் தகவல் நிறுவனங்களும் உள்ளன. 1990-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிடோஸ், எக்ஸ்பீரியன் ஆகியவை அவற்றுள் சில. இவை 2010-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்திற்கு உட்பட்டு இயங்க வேண்டும். நீதிமன்ற வழக்கு, திவால் நிலை, வணிக நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய நிலுவை போன்ற தகவல்களும் இவற்றின் அறிக்கையில் இடம்பெறக்கூடும். நீண்ட நாள் கட்டாமல் விட்ட கைப்பேசிக் கட்டணம்கூட இவ்வாறு பதிவாகிவிட வாய்ப்புண்டு. தம்மைப் பற்றிய தகவலைப் பார்வையிடவும் தவறு இருந்தால் திருத்தக் கோரவும் பயனீட்டாளருக்கு இச்சட்டம் உரிமை அளிக்கிறது.

பலர் நினைப்பதுபோலப் பேங்க் நெகாரா யாரையும் ‘கறுப்புப் பட்டியலில்’ சேர்ப்பதில்லை. சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையில் ‘இவருக்குக் கடன் கொடுக்கலாம்’ என்றோ ‘கொடுக்கக்கூடாது’ என்றோ எந்தக் குறிப்பும் இருக்காது. நடந்ததை மட்டுமே அது காட்டும். முடிவெடுப்பது அந்தந்த வங்கியின் பொறுப்பு. அதனால்தான் ஒரு வங்கி மறுத்த விண்ணப்பத்தை மற்றொரு வங்கி ஏற்றுக்கொள்வதும் உண்டு.

அறிக்கையைப் பெறும் வழி

சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையைப் பெறக் கட்டணம் இல்லை. அதைப் பெற இரு வழிகள் உள்ளன.

முதலாவது, இணையவழி. பேங்க் நெகாராவின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் இ-சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் சேவை உள்ளது. முதன்முறையாகப் பயன்படுத்துபவர் அதில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடையாள அட்டை, சொந்தக் கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது. பதிவு செய்பவர் உண்மையிலேயே அந்த அடையாள அட்டைக்கு உரியவர்தானா என்பது உறுதிசெய்யப்படும். ஒருவருடைய கடன் விவரம் வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு. பதிவு முடிந்த பிறகு, வேண்டும்போதெல்லாம் உள்நுழைந்து அறிக்கையைத் திறந்து படிக்கலாம். கோப்பாகச் சேமித்தும் வைக்கலாம்.

இரண்டாவது, நேரில் சென்று பெறும் வழி. இணைய வசதி இல்லாதவர்களுக்கும் கணினியைக் கையாளத் தயங்கும் முதியோருக்கும் இது ஏற்றது. கோத்தா திங்கி மக்கள் ஜொகூர் பாருவிலுள்ள பேங்க் நெகாரா அலுவலகத்தையோ ஏ.கே.பி.கே. கிளையையோ நாடலாம். அசல் அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டு செல்ல வேண்டும். வேலை நேரத்தையும் முன்பதிவு தேவையா என்பதையும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்பட்டால், 40 கிலோமீட்டர் பயணம் வீணாகாது.

தனியார் நிறுவனங்களின் அறிக்கையை அவற்றின் சொந்த இணையத்தளங்களிலோ செயலிகளிலோ பெறலாம். அவற்றில் விரிவான அறிக்கைக்குக் கட்டணம் இருக்கும். எனவே, எந்த வகை அறிக்கை தேவை என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். சொந்த அறிக்கையைத் தாமே பார்ப்பதால் கடன் பெறும் வாய்ப்பு குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது.

எண்கள் சொல்லும் செய்தி

சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை முதன்முறை பார்ப்பவருக்கு அது எண்களும் சுருக்கக் குறியீடுகளும் நிறைந்த அட்டவணையாகத் தோன்றும். ஆற அமரப் படித்தால் அதில் மூன்று பகுதிகள் இருப்பது புலப்படும். முதல் பகுதி இன்னும் தீராத கடன்களைக் காட்டும். இரண்டாம் பகுதி, நெருக்கடிக்கு ஆளாகிச் சிறப்புக் கண்காணிப்பில் உள்ள கணக்குகளைக் காட்டும். மூன்றாம் பகுதி கடன் விண்ணப்பங்களைப் பற்றியது. கடந்த 12 மாதங்களில் ஏற்கப்பட்ட விண்ணப்பங்களும் இன்னும் முடிவு தெரியாத விண்ணப்பங்களும் இதில் இருக்கும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் இதில் இடம்பெறுவதில்லை.

முதல் பகுதியில் ஒவ்வொரு கடனுக்கும் நேராகக் கடந்த 12 மாதங்களுக்கு உரிய எண்கள் வரிசையாக இருக்கும். 0 என்றால் நிலுவை ஏதுமில்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை நிலுவையில் உள்ளது. 2 என்றால் இரண்டு மாத நிலுவை. எண் கூடக் கூட நிலைமை மோசமாகிறது என்று பொருள்.

இவ்வரிசையில் பலரும் கவனிக்கத் தவறும் நுணுக்கம் ஒன்று உள்ளது. மாதம் 300 ரிங்கிட் தவணை கட்டும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மார்ச் மாதத்தில் வீட்டில் மருத்துவச் செலவு வந்ததால் அவர் தவணையைக் கட்டவில்லை. ஏப்ரல் முதல் மாதம் தவறாமல் 300 ரிங்கிட் கட்டி வருகிறார். ‘ஒரே ஒரு மாதம்தான் விட்டுப்போனது’ என்று அவர் எண்ணுகிறார். ஆனால், மார்ச் மாத நிலுவை அப்படியே நிற்கிறது. ஏப்ரலில் கட்டிய பணம் மார்ச் மாதக் கணக்கை அடைக்கிறது. ஏப்ரல் மாதத் தவணை நிலுவையாகிவிடுகிறது. இவ்வாறே ஒவ்வொரு மாதமும் தொடர்வதால், அறிக்கையில் மார்ச் முதல் டிசம்பர் வரை 1, 1, 1 என்று வரிசையாகப் பதிவாகும். ஒரு முறை தவறியவர், பத்து மாதமும் தாமதமாகக் கட்டுபவரைப்போல வங்கிக்குக் காட்சியளிப்பார். விட்டுப்போன 300 ரிங்கிட்டை மட்டும் கூடுதலாகக் கட்டியிருந்தால், எண் மீண்டும் 0-க்குத் திரும்பியிருக்கும். அறிக்கையைப் பார்க்காத வரை அவருக்கு இந்த உண்மை தெரிய வாய்ப்பே இல்லை.

இதிலும் ஒரு நம்பிக்கை உண்டு. 12 மாதங்களுக்கு மேற்பட்ட பழைய எண்கள் இவ்வரிசையில் தோன்றுவதில்லை. நிலுவையைத் தீர்த்துவிட்டு ஓர் ஆண்டு ஒழுங்காகக் கட்டினால், வரிசை முழுவதும் 0 ஆகிவிடும். ஆகவே, ஒரு முறை ஏற்பட்ட சறுக்கல் வாழ்நாள் முழுவதும் ஒருவரைத் துரத்துவதில்லை.

எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கடனும் உண்மையில் தாம் வாங்கியதுதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். மூன்றாவதாக, முழுமையாகக் கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டப்படுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். நான்காவதாக, மாதவாரியான எண்களைத் தவணை கட்டிய ரசீதுகளோடு ஒப்பிட வேண்டும். விண்ணப்பிக்காத கடன் ஒன்று மூன்றாம் பகுதியில் தென்பட்டால், தம் அடையாள அட்டை விவரத்தை யாரோ தவறாகப் பயன்படுத்தியுள்ளார் என்று ஐயுற இடமுண்டு.

இவ்விடத்தில் நம் சமூகத்தில் காணப்படும் ஒரு வழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘எனக்குக் கடன் கிடைக்கவில்லை, உன் பெயரில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடு, மாதாமாதம் நான் கட்டிவிடுகிறேன்’ என்று நண்பரோ உறவினரோ கேட்பதுண்டு. முகத்தாட்சண்யத்திற்காகச் சிலர் கையெழுத்திட்டு விடுகின்றனர். வண்டியை ஓட்டுபவர் ஒருவர். கடனாளியாகப் பதிவாகுபவர் மற்றொருவர். தவணை தவறினால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் அறிக்கையில்தான் எண் ஏறும். பின்னொரு நாளில் அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்தச் சுமை வெளிச்சத்திற்கு வரும். பொருளை இரவல் கொடுத்தால் திருப்பி வாங்கிவிடலாம். பெயரை இரவல் கொடுத்தால் அதை மீட்பது எளிதன்று. ஏற்கெனவே அவ்வாறு பெயர் கொடுத்தவர்கள், தவணை உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை அறிக்கையின் வழி மாதந்தோறும் கண்காணிப்பதே அறிவுடைமை.

தவறு இருந்தால் என்ன செய்வது?

அறிக்கையில் தவறு தென்பட்டால், அத்தகவலை அனுப்பிய வங்கியையோ நிதி நிறுவனத்தையோ முதலில் தொடர்புகொள்ள வேண்டும். தகவலின் உரிமையாளர் அந்நிறுவனமே ஆதலால், அதுவே திருத்த வேண்டும். அறிக்கையின் நகல், கட்டண ரசீது, கடன் தீர்ந்ததற்கான கடிதம் ஆகியவற்றை இணைத்து எழுத்து மூலம் முறையிடுவது சிறப்பு. முறையிட்ட நாளையும் பேசிய அலுவலரின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும். நிறுவனம் உரிய நடவடிக்கை எடுக்காவிட்டால், பேங்க் நெகாராவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிடம் முறையிடலாம். தம் பெயரில் வேறொருவர் கடன் வாங்கியிருந்தால், காவல் துறையிலும் புகார் செய்ய வேண்டும்.

முறையீடு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் சான்றுகளைப் பொறுத்தே அமையும். கோத்தா திங்கி மக்களுக்கு இது மிகவும் பொருந்தும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு கரைபுரண்டு ஓடியதால், அந்நகரம் அடுத்தடுத்து இரு முறை பெருவெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் வீட்டுக்குள் புகும்போது உயிரைக் காப்பதே முதல் வேலை. அலமாரியிலுள்ள ரசீதுகளை யாரும் தேடுவதில்லை. ஆகவே, கடன் ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் கைப்பேசியில் படமெடுத்து, மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பகத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது காகிதங்களுக்கும் பொருந்தும்.

கடன்சுமை உண்மையாக இருந்தால்

சில வேளைகளில் அறிக்கையில் தவறே இருக்காது; கடன்சுமைதான் தாங்க முடியாததாக இருக்கும். அத்தகையோருக்கு உதவவே 2006-ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வகிப்பு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அங்குள்ள ஆலோசகர்கள் வருமானத்தையும் செலவையும் கணக்கிட்டு வழிகாட்டுவர். தேவைப்பட்டால் வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய அளவில் தவணையைத் திருத்தி அமைக்கும் திட்டத்தையும் வகுத்துத் தருவர். இச்சேவைகளுக்குக் கட்டணம் இல்லை.

நிலுவையைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது ஆபத்தானது. ஒருவரின் கடன் நிலுவை 100,000 ரிங்கிட்டை எட்டினால், கடன் கொடுத்தவர் அவரைத் திவாலானவர் என அறிவிக்கும்படி நீதிமன்றத்தை நாட முடியும். திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு செல்ல இயலாது. வங்கி மறுத்துவிட்டதே என்று மனமுடைந்து வட்டி முதலைகளை நாடுபவரின் நிலையோ இன்னும் கொடியது.

மற்றொரு கண்ணியும் உண்டு. ‘கடன் அறிக்கையைச் சுத்தம் செய்து தருகிறோம், முன்பணம் செலுத்துங்கள்’ என்னும் விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் உலவுகின்றன. உண்மையான நிலுவையைப் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க யாராலும் இயலாது. தவறான தகவலைத் திருத்தவோ எவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறப்பதும், கடவுச்சொல்லையோ குறுஞ்செய்தியில் வரும் உறுதிப்படுத்தும் எண்ணையோ பிறரிடம் சொல்வதும் பெருந்தவறு. ஏமாந்து வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை இழந்தவர் உடனடியாகத் தம் வங்கியையோ 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையோ அழைக்க வேண்டும்.

எப்போது பார்க்க வேண்டும்?

வீடோ வாகனமோ வாங்கத் திட்டமிடுபவர், விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தம் அறிக்கையைப் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் தவறைத் திருத்தவும் நிலுவையைத் தீர்க்கவும் கால அவகாசம் இருக்கும். முன்பணம் கட்டிய பிறகு அரக்கப் பரக்கப் பார்ப்பதில் பயனில்லை. கடன் வாங்கும் எண்ணம் இல்லாதவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்ப்பது நன்று.

பதினெட்டு வயது நிறைந்ததும் ஒருவர் தம் பெயரில் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டப்படி தகுதி பெறுகிறார். இன்று இடைநிலைப்பள்ளியில் பயிலும் மாணவர்கள் அத்தகுதியைப் பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அதுவரை அவர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. கடன் அறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தாத்தாவுக்கும், வேலை முடிந்து களைத்து வரும் தந்தைக்கும் அந்த அட்டவணை புரியாமல் போகலாம். அவர்கள் விரும்பினால், அருகில் அமர்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டலாம். தவணை ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவலாம். கடவுச்சொல்லை மட்டும் அவர்களே தட்டச்சு செய்ய வேண்டும்.